துடைத்த அலுமாரியே வீட்டுக்கு வந்தது: பழைய யு.எஸ்.எம். ஹாலர் சைட்போர்ட்

ஆரேக்கரை:

வணக்கம். பழைய சைட்போர்ட்கள், அதாவது சுவரோரம் வைக்கும் தாழ்ந்த அலுமாரிகள் பற்றிய இந்த இணையப் பகுதியை இரண்டு வருடமாக வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தரம். போன சனிக்கிழமை வீட்டுக்கு ஒரு சாமான் வந்தது. மனைவியிடம் கதைத்து முடித்துவிட்டேன், அவர் இனிக் கேட்கத் தயாரில்லை. அதனால் உங்களிடம் வந்திருக்கிறேன்.

பேர்ணில் ஒரு அலுவலகம் இடம் மாறியது. புது இடத்துக்கு வேண்டாத அலுமாரிகளை நிலக்கீழ் அறையில் விட்டிருந்தார்கள், சின்னத் தொகை கொடுத்து யாரும் எடுக்கலாம். நானும் மகனும் போய் ஒன்றை வான் வண்டியில் ஏற்றிவந்தோம். மூன்று அறை அகலம், இரண்டு தட்டு உயரம். பச்சைத் தகடு, குரோம் பூசிய குழாய், குழாய்கள் சந்திக்கிற ஒவ்வொரு இடத்திலும் நெல்லிக்காய் அளவில் ஒரு உருண்டை. சுவிசில் இருப்பவர்களுக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. வங்கி, டொக்டரின் வரவேற்பறை, வக்கீல் அலுவலகம், எங்கே போனாலும் சுவரோரம் இதுதான் நிற்கும். யு.எஸ்.எம். ஹாலர்.

எனக்கும் இதற்கும் பழைய பழக்கம். 1991-இல் வந்து முதல் 14 வருடம் இரவில் அலுவலகத் துப்புரவு வேலை. இதன் பெயரே தெரியாத காலத்தில் நாங்கள் இதைக் குண்டு அலுமாரி என்போம். தகட்டைத் துடைப்பது சுகம், உருண்டைதான் கரைச்சல். விரல் பட்டால் தடம் தெரியும். எங்கள் மேற்பார்வையாளர் காலையில் வந்து தகட்டைப் பார்க்கமாட்டார், நேரே உருண்டையைத்தான் பார்ப்பார். இப்போது வந்திருப்பதில் எண்ணினேன், 24 உருண்டை.

கேள்வி இதுதான். வரவேற்பறைச் சுவர் 190 செ.மீ. அலுமாரி 227. மூன்று அறை அகலத்தை இரண்டாக்கி, ஒரு தட்டு உயர்த்தி அடுக்கினால் சரிவரும். இதைப் பிரிக்க முடியும் என்று தெரியும், செய்ததில்லை. யாராவது செய்திருக்கிறீர்களா? அப்புறம், இது எந்தக் காலத்து வடிவமைப்பு, யார் யோசித்தது என்று தெரிந்தவர்கள் எழுதினால் சந்தோசம்.

மதுரைத்தச்சன்:

அண்ணே, கோவிச்சுக்காதீங்க. இந்தப் பகுதி இருபதாம் நூற்றாண்டு நடுவுல வந்த பழைய சைட்போர்டுகளுக்கானது. அதுன்னா எனக்குத் தெரிந்து தேக்கு, கீழே குறுகிப்போகிற கால், இழுத்தால் பக்கவாட்டில் ஓடுகிற கதவு. டென்மார்க் வேலை. நீங்கள் எடுத்துவந்தது ஆபீஸ் பீரோ. நன்றாகத்தான் இருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இதைப் பார்த்துத் தடவிக்கொடுக்கத் தோன்றுமா? மரத்துக்கு ரேகை இருக்கு, வாசம் இருக்கு, மழைக்காலத்தில் உப்புவதும் வெயிலில் சுருங்குவதுமாக உயிரோடு இருக்கும். இதில் என்ன இருக்கு, தகரம்.

கோட்டுச்சித்திரம்:

தச்சரே, காலக்கணக்கில் உங்களுக்கும் பாதி நியாயம் உண்டு. இதை வடிவமைத்தது 1963, காப்புரிமை 1965, கடைக்கு வந்தது 1969. ஐம்பதுகளின் தேக்கு அலைக்குப் பிந்தியதுதான். ஆனால் இதன் வேர் அந்த ஐம்பதுகளில் இருக்கிறது, அதுவும் தச்சுப்பட்டறையில் இல்லை, கட்டடத்தில். கட்டடக்கலை சொல்லிக்கொடுக்கிறவன் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

யு.எஸ்.எம். என்பது உல்ரிக் ஷேரர், முன்சிங்கன் என்பதன் சுருக்கம். முன்சிங்கன், பேர்ணுக்கும் தூனுக்கும் நடுவில் உள்ள ஊர். உல்ரிக் ஷேரர் 1885-இல் அங்கே பூட்டு, இரும்பு வேலைப் பட்டறை தொடங்கினார். பிறகு ஜன்னல் கொண்டி, தாழ்ப்பாள் வகையறா. 1961-இல் பேரன் பவுல் ஷேரர் உள்ளே வருகிறார், பொறியியல் படித்தவர். முதல் காரியமாகப் புதுத் தொழிற்சாலை கட்டவேண்டும் என்று சொலத்தூர்ன் ஊர்க் கட்டடக் கலைஞர் பிரிட்ஸ் ஹாலரைப் பிடிக்கிறார்.

ஹாலர் 1924-இல் பிறந்தவர். பல்கலைக்கழகப் பட்டம் கிடையாது, கட்டட வரைவாளராகத் தொழில் பயின்று வந்தவர். நாற்பதுகளின் கடைசியில் ரோட்டர்டாமில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பி அப்பாவோடு சேர்ந்தவர். அந்த வட்டாரத்தில் இரும்பும் கண்ணாடியுமாகக் கட்டிய நாலைந்து பேரை இன்றைக்குச் சொலத்தூர்ன் பள்ளி என்று சேர்த்துச் சொல்கிறோம். ஹாலர் ஷேரருக்குக் கட்டிக்கொடுத்தது ஒரே ஒரு தொழிற்சாலை அல்ல, ஒரு கட்டட முறை. தூண், உத்தரம், சுவர்ப்பலகை எல்லாம் அளவெடுத்த பாகங்கள். வேண்டும்போது நீட்டலாம், சுவரைக் கழற்றி நகர்த்தலாம். அந்த முறைக்கு மாக்ஸி என்று பெயர். பிறகு சிறு கட்டடத்துக்கு மினி, பல மாடிக்கு மிடி என்று தம்பிகள் பிறந்தன.

தொழிற்சாலைக்குப் பக்கத்தில் அலுவலகம் எழுந்தது. அதற்குள் வைக்க மேசை, அலுமாரி வேண்டும். கடையில் இருந்தவை இரண்டு பேருக்கும் பிடிக்கவில்லை. கட்டடத்தையே கழற்றிப் பூட்டலாம், உள்ளே இருக்கிற பீரோ மட்டும் நகராமல் நிற்பதா? கட்டடத்தைச் சுருக்கி அறைக்குள் வைத்ததுதான் இந்த அலுமாரி. தங்கள் உபயோகத்துக்குச் செய்தது, விற்க இல்லை. பாரிஸில் ரோத்சைல்ட் வங்கி பார்த்துவிட்டு 600 பேர் உட்காரும் அளவுக்கு மேசையும் அலுமாரியும் கேட்ட பிறகுதான் 1969-இல் வரிசையாக உற்பத்தி ஆரம்பித்தது. 2001-இல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் தன் நிரந்தரச் சேகரிப்பில் எடுத்துக்கொண்டது.

லிம்மத்துறை:

அண்ணை, சூரிச்சில் அலுவலகத் தளபாடம் இடம் மாற்றும் வேலையில் இருக்கிறேன். இதுதான் என் சோறு. உங்கள் கணக்கை நான் போட்டுத் தருகிறேன்.

முதலில் அளவு. இதில் எல்லா அளவும் ஒரு உருண்டையின் நடுவில் இருந்து அடுத்த உருண்டையின் நடுவுக்கு. உங்களுடையதில் ஒரு அறை 75 செ.மீ. அகலம், 35 உயரம், 35 ஆழம். மூன்று 75 சேர்த்தால் 225, இரண்டு ஓரத்திலும் நீட்டிநிற்கிற உருண்டைக்கு 2 செ.மீ. சொச்சம், அதுதான் உங்கள் 227. இரண்டு அறையாக்கினால் 152. சுவரில் தாராளமாக நிற்கும்.

இப்போது பாகம். மூன்றுக்கு இரண்டு அடுக்கில் 24 உருண்டை, 46 குழாய். இரண்டுக்கு மூன்றாக மாற்றினாலும் அதே 24 உருண்டை, அதே 46 குழாய். ஆனால் அவசரப்பட்டுச் சந்தோசப்பட வேண்டாம். இப்போது உங்களிடம் 75 செ.மீ. குழாய் 18, 35 செ.மீ. குழாய் 28. புது அடுக்குக்கு 75 குழாய் 16 போதும், 35 குழாய் 30 வேண்டும். அதாவது இரண்டு நெடுங்குழாய் மிச்சம், இரண்டு குறுங்குழாய் குறைவு. கிடையாகப் போடும் தகட்டில், அதாவது கிடைத்தகட்டில், ஒன்று மிச்சம் வரும். நடுத்தடுப்புகளுக்கும் தகடு போட்டிருந்தால் 35க்கு 35 தகடு ஒன்று கூட வாங்கவேண்டும். முதுகுத்தகடு ஆறு, அப்படியே சரி.

உயரமும் ஆழமும் ஒரே 35 என்றபடியால் உயரக் குழாயை ஆழத்துக்கும் போடலாம், அது உங்கள் அதிர்ஷ்டம். ஆழம் 50 என்று இருந்திருந்தால் கதை வேறு.

பிரிக்கிற முறை: கதவும் தகடுகளும் முதலில். பிறகு கூட்டை ஒரு பக்கமாகத்தான் உரிக்கவேண்டும். இரண்டு உருண்டைக்கு நடுவில் இருக்கிற குழாயைத் தனியே இழுக்க வராது, இரண்டு முனையிலும் இணைப்பி உள்ளே நிற்கிறது. ஆகவே வலது பக்கக் கடைசிச் சட்டத்துக்குப் போகும் ஆறு நெடுங்குழாயையும் தளர்த்தி, அந்தப் பக்கத்தை மொத்தமாகச் சேர்த்து இழுங்கள். இரண்டு பேர் வேண்டும். ஒரு மூலையை மட்டும் முதலில் இழுத்தால் சரிந்து இறுகிவிடும், பிறகு எவ்வளவு பலம் போட்டாலும் வராது. ஒவ்வொன்றுக்கும் ஒட்டுநாடாவில் எழுதி வையுங்கள். எல்லாம் ஒரே மாதிரித்தானே என்று நினைப்பீர்கள். ஆனால் 40 வருடம் ஒரே இடத்தில் இருந்த பாகம் தன் பக்கத்தாளோடு பழகியிருக்கும்.

பூவரசு:

அருமையான இழை. நான் ஜெர்மனியில் டோர்ட்முண்ட் பக்கம். பாகம் வாங்கும்போது கவனம் என்று சொல்லத்தான் வந்தேன். என் அலுமாரிக்கு ஒரு வெள்ளைத் தகடு வேண்டியிருந்தது, இணையத்தில் மலிவாக இதற்குப் பொருந்தும் என்று விற்றவரிடம் வாங்கினேன். பெயர் வேண்டாம். பொருந்தியது உண்மைதான். ஆனால் பக்கத்துத் தகட்டோடு வைத்தால் ஒன்று பாலும் மற்றது மோருமாக இருக்கிறது. விருந்தாளி வந்தால் அந்தப் பக்கம் பூச்சாடி வைக்கிறேன்.

இந்தப் பொருந்தும் பாகங்கள் விசயம் பெரிய வழக்காகவும் போயிருக்கிறது. மாற்றுப் பாகம் விற்கலாம், ஆனால் எல்லாப் பாகத்தையும் சேர்த்து முழு அலுமாரியாக விற்கலாமா என்பதில் சண்டை. டுசெல்டோர்ஃபில் கீழ் நீதிமன்றம் இது பதிப்புரிமை உள்ள கலைப்படைப்பு என்றது. மேல் நீதிமன்றம் இல்லை என்றது. 2023 டிசம்பரில் ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்துக்கே கேள்வியை அனுப்பியது. அலுமாரி ஒன்று ஓவியம், சிற்பத்தோடு ஒரே வரிசையில் நிற்குமா என்று நீதிபதிகள் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள், பாருங்கள்.

மதுரைத்தச்சன்:

சிற்பமா? அக்கா, எங்கள் தெரு மளிகைக்கடையில் ஓட்டை போட்ட ஆங்கிளை நட்டு போல்ட்டில் முடுக்கி அரிசி மூட்டை அடுக்கியிருக்கிறான். நீட்டலாம், குறைக்கலாம், கழற்றி அடுத்த கடைக்கு எடுத்துப்போகலாம். பாகம் பாகமாகச் சேர்ப்பதுதான் பெருமை என்றால் அவனும் கலைஞன்தான்.

கோட்டுச்சித்திரம்:

கிண்டலாகச் சொன்னாலும் சரியான இடத்தில் கை வைத்தீர்கள். அந்த ஆங்கிளுக்கும் பிறந்த ஊர் உண்டு. 1947-இல் லண்டனில் டிமிட்ரியஸ் கொமினோ என்பவர் டெக்ஸியன் என்ற பெயரில் கொண்டுவந்தது. கெட்டிக்காரத்தனமான பொருள். எங்கே வேண்டுமானாலும் வெட்டு, எந்த ஓட்டையில் வேண்டுமானாலும் முடுக்கு.

வீட்டுக்குள்ளே ஆங்கிளைக் கொண்டுவந்தவர்கள் அமெரிக்க வடிவமைப்பாளர்கள் சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதி. 1949-இல் அவர்கள் வரைந்து, 1950 முதல் 1955 வரை ஹெர்மன் மில்லர் தளபாட நிறுவனம் விற்ற அலமாரி வரிசை அப்படியே ஒரு சின்னத் தொழிற்சாலைச் சட்டம்: இரும்பு ஆங்கிள், குறுக்கே பெருக்கல் குறி போல் கம்பி, நடுவில் வண்ணப் பலகை, ஒட்டுப்பலகை. அதே 1949-இல் முடிந்த அவர்கள் சொந்த வீடும் இதே பாணிதான். கட்டடமும் அலமாரியும் ஒரே கையெழுத்து. அதற்கும் முன்னால், 1945-இல், ஜார்ஜ் நெல்சன் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர் சுவரையே அலமாரியாக்கலாம் என்று வரைந்ததை லைஃப் இதழ் பெரிதாகப் போட்டது. ஆக, ஹாலர் தொடங்கும்போது கட்டடக் கலைஞர்கள் பீரோ செய்வது புதிதல்ல.

பிறகு ஹாலரின் தனித்தன்மை எது? என் கணக்கில், மூட்டு. ஈம்ஸ் அலமாரியைப் பிரித்துப் பெட்டியில் அனுப்பினார்கள், வாங்கினவர்கள் பூட்டத் திணறினார்கள். ஆங்கிளில் ஒவ்வொரு மூலைக்கும் ஒரு பக்கம் உண்டு: இடது மூலை, வலது மூலை, மேல், கீழ். உருண்டைக்குப் பக்கமே கிடையாது. ஆறு திசையிலும் மரையிட்ட துளை. மூலையில் நின்றால் மூன்று துளையில் வேலை, ஓரத்தில் நின்றால் நாலு, நடுவில் நின்றால் ஐந்தோ ஆறோ. மிச்சத் துளைகள் சும்மா காத்திருக்கும். முடிந்துபோன அலுமாரி என்று ஒன்று இதில் இல்லாமல் போவதற்குக் காரணம் அந்தக் காலித் துளைதான். மூன்று பெட்டி செய்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு அதையும் மாடுலர், அதாவது பாகம் பாகமாகச் சேர்ப்பது, என்று விற்கிறார்கள். அதில் இரண்டு பெட்டிக்கு நடுவில் இரட்டைச் சுவர் நிற்கும். இதில் ஒரே தகடுதான் இரண்டு அறைக்கும் சுவர்.

உருண்டை மூட்டும் வானத்தில் இருந்து விழவில்லை. ஜெர்மனியில் மெங்கரிங்ஹவுசன் என்ற பொறியாளர் 1940-களிலேயே 18 துளை வைத்த எஃகு உருண்டையால் குழாய்களைச் சேர்த்துப் பெரிய கூரைகள் கட்ட வழி செய்தார், மேரோ என்று பெயர். கொன்ராட் வாக்ஸ்மன், குரோப்பியஸ் என்ற இரண்டு கட்டடக் கலைஞர்கள் அமெரிக்காவில் பாகங்களால் சேர்க்கும் வீட்டுக்கு ஒரே ஒரு உலோக இணைப்பியைத் தேடி வருடக்கணக்கில் உழைத்தார்கள். ஹாலர் கலிபோர்னியாவில் அந்த வாக்ஸ்மனோடு வேலை செய்தவர். உருண்டை அங்கே பிறந்த யோசனையாகத்தான் இருக்கவேண்டும்.

ஆரேக்கரை:

ஐயா, மிக்க நன்றி, இரண்டு தரம் வாசித்தேன். ஒரே ஒரு இடத்தில் மகன் கையைத் தூக்குகிறான். அவன் கட்டட வரைவாளர் பயிற்சியில் மூன்றாம் வருடம், ஹாலரும் அதே பயிற்சி என்று தெரிந்ததில் இருந்து இரண்டு அங்குலம் உயர்ந்து நடக்கிறான். ஹாலர் கலிபோர்னியா போனது 1966-இல், உருண்டைக்குக் காப்புரிமை 1965-இல் என்கிறான். அப்படியென்றால் உருண்டை முந்தியது.

கோட்டுச்சித்திரம்:

மகன் சொல்வது சரி. தேதியைப் பார்க்காமல் எழுதிவிட்டேன். தம்பிக்கு என் வாழ்த்து.

ஆரேக்கரை:

சரி, நேற்று பிரித்தோம். லிம்மத்துறைத் தம்பி சொன்னதை அச்சடித்துச் சுவரில் ஒட்டிவிட்டுத்தான் தொடங்கினோம்.

தகடுகள் சத்தம் போட்டுக்கொண்டே கழன்றன. மேல் வீட்டு அம்மா ஞாயிற்றுக்கிழமையில் என்ன தட்டல் என்று கேட்டு வந்தார், காரணம் சொன்னதும் உள்ளே வந்து அரை மணி நேரம் நின்று பார்த்தார். அவர் வேலை செய்த இடத்திலும் இதே அலுமாரியாம், மஞ்சள் நிறம்.

மகன் நீளச் சாவியை உருண்டையின் இந்தப் பக்கத் துளைக்குள் விட்டு அந்தப் பக்கக் குழாய்க்குள் இருக்கிற திருகைத் திருப்பினான். உருண்டைக்குக் குறுக்காகவே சாவி போகிறது! திருகு இறுகினால் உள்ளே இணைப்பி விரிந்து குழாயின் உட்சுவரைப் பிடிக்கும், தளர்ந்தால் விட்டுவிடும். வெளியே ஒரு திருகுத்தலையும் தெரியாது. 14 வருடம் வெளியில் துடைத்திருக்கிறேன், உள்ளே இப்படி ஒரு வேலை நடக்கிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

ஒன்று செய்யாதே என்று சொன்னதைச் செய்தோம். ஐந்து குழாயைத் தளர்த்திவிட்டு ஆறாவது தளர்ந்துவிட்டது என்று நினைத்து இழுத்தோம். பின் கீழ் மூலை இறுகிக்கொண்டது. ஒரு மணி நேரம் போனது. கடைசியில் திருப்பி உள்ளே தள்ளி, எல்லாவற்றையும் நேராக்கி, மறுபடி இழுத்தால் வெண்ணெய் மாதிரி வந்தது.

இன்னொரு விசயம். முன் கீழ் வலது மூலை உருண்டையில் ஒரு பக்கம் குரோம் தேய்ந்து மஞ்சள் தெரிகிறது. பித்தளை. நான் இத்தனை நாளும் இது முழுக்க இரும்பு என்று நினைத்திருந்தேன். அந்த இடம் ஏன் தேய்ந்தது என்று எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. வாளியும் மொப்பும் வைத்த துப்புரவு வண்டி திரும்புகிற உயரம் அது. வண்டியின் இரும்பு விளிம்பு தினமும் ஒரு தரம் உரசினாலே போதும். இந்த அலுவலகத்தில் நான் வேலை செய்ததில்லை. ஆனால் என்னைப் போல ஒருவர் செய்திருக்கிறார்.

பித்தளை என்றதும் என் அம்மா புளியைக் கரைத்துக்கொண்டு வந்துவிட்டார். குத்துவிளக்கு மாதிரி ஆக்கிவிடலாமாம். குரோமுக்குப் புளி கூடாது என்று கையைப் பிடித்து நிறுத்தினேன். சரிதானே?

லிம்மத்துறை:

சரிதான். புளி, எலுமிச்சை, பாத்திரம் தேய்க்கும் கம்பிநார், மூன்றும் வேண்டாம். வெந்நீரில் ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பு, மெல்லிய துணி, உடனே உலர்த்தித் துடையுங்கள். இதை உங்களுக்கே சொல்லித்தருகிறேன், பாருங்கள்.

குறுங்குழாய் இரண்டும் தகடும் புதிதாகவே வாங்கலாம், அளவு மாறவில்லை. புதுப் பச்சை உங்கள் பழைய பச்சையோடு சேராது. புதுத்தகட்டை நடுத்தடுப்பில் போடுங்கள், வெளியில் தெரியாது.

பூவரசு:

மூன்றாவது தட்டில் என்ன வைக்கப்போகிறீர்கள்? நாங்கள் மேல் நடு அறையைச் சாமித்தட்டு ஆக்கினோம். கதவைக் கீழே இறக்கினால் விளக்கு வைக்கச் சின்ன மேடை கிடைக்கும், மூடினால் ஒன்றும் தெரியாது. கற்பூரம் மட்டும் வேண்டாம். மேல் தகட்டில் கரி படிந்தால் துடைத்துத் துடைத்தே கை ஓய்ந்துவிடும்.

மதுரைத்தச்சன்:

சாமியையே உள்ளே வைத்துவிட்டார்கள், இனி நான் என்ன பேச. இருந்தாலும் ஒன்று சொல்கிறேன். என் மேசையில் பள்ளம் விழுந்தால் இழைத்து எண்ணெய் தடவித் தருவேன், பேரன் காலத்துக்கும் இருக்கும். உங்கள் தகட்டில் பள்ளம் விழுந்தால் தூக்கிப்போட்டுப் புதுசு வாங்கணும். சரி பண்ணுவது வேறு, மாற்றுவது வேறு. அந்த மூட்டு நல்ல மூட்டு, அதை ஒத்துக்கொள்கிறேன். நாங்கள் மரத்தில் புறாவின் வால் மாதிரி வெட்டி மூட்டு அடித்துப் பசை வைத்தால் அதற்கப்புறம் பிரிப்பது என்ற பேச்சே இல்லை.

ஆரேக்கரை:

இந்த வாரம் குழாயும் தகடும் வந்தன, நேற்றிரவு பூட்டி முடித்தோம். 152 அகலம், சுவரில் நடுவாக நிற்கிறது. தச்சன் தம்பி சொன்ன மாதிரி ஒரு தகட்டில் சின்னப் பள்ளம் இருக்கிறது, அதைக் கீழ்த்தட்டில் அடிப்பக்கமாகப் போட்டோம். சாமித்தட்டு யோசனையை அம்மா உடனே பிடித்துக்கொண்டார்.

மஞ்சள் தெரிகிற உருண்டையைப் பின்னால் சுவர்ப்பக்கம் போடச் சொன்னான் மகன். நான் முன் கீழ் வலது மூலையிலேயே போட்டேன், முன்பு இருந்த இடம்.

மிச்சம் வந்த 75 குழாய் இரண்டும் பச்சைக் கிடைத்தகடு ஒன்றும் கட்டிலுக்குக் கீழே கிடக்கின்றன. யாருக்கும் வேண்டுமென்றால் சொல்லுங்கள், காசு வேண்டாம், பேர்ணில் வந்து எடுக்கவேண்டும்.

லிம்மத்துறை:

குழாய் எனக்கு. வெள்ளிக்கிழமை வேலைக்கு அந்தப் பக்கம் வருகிறேன்.